பனிச்சறுக்கு மர்ம நாவல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பனிச்சறுக்கு என்றால் எனக்கு உயிர். அதை வைத்து ஒரு மர்ம சாகச நாவல் எழுதுகிறேன். கொலை, விபத்துபோலத் தெரிய வேண்டும். நம்பும்படியான தடயம் எது?

பதில்: பைண்டிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் இந்தப் பூட்டு, விழும்போது தானாக விடுபட வேண்டும். எவ்வளவு விசையில் விடுபடும் என்பதை முன்னும் பின்னும் உள்ள திருகுகள் தீர்மானிக்கின்றன. அளவு ஓர் எண்ணாகத் தெரியும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். எண்ணைக் குறைத்தால் வேகத் திருப்பத்தில் பலகை கழன்றுவிடும். கூட்டினால் விழுந்தாலும் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும். 6 இருக்க வேண்டிய இடத்தில், ஒரு காலில் மட்டும் 3. வாடகைக் கடைச் சீட்டிலோ பழைய எண். துப்பறிபவருக்கு இது போதும். ஆனால் பலகை கழன்றதாலேயே ஆள் இறந்துவிட மாட்டார். கீழே பாறை உள்ள செங்குத்துப் பாதைக்குக் கொலையாளி அவரை அழைத்துச் செல்ல ஒரு காரணம் வேண்டும். உழைப்பை அங்கே போடுங்கள்.

கேள்வி: கூச்சலிட்டுப் பனிச்சரிவை உண்டாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், குரலுக்குப் பனி சரியாது. 30 முதல் 45 பாகைச் சாய்வில், பலவீனமான அடுக்கின்மேல் இறுகிக் கிடக்கும் பனித்தட்டைப் பெரும்பாலும் சறுக்குபவரின் எடையே உடைக்கிறது. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு மளமளவென்று குறையும். மீட்புக் காட்சியை அந்த நேரத்துக்குள் எழுதுங்கள். எல்லாரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவி (புதைந்தவரின் கருவி அனுப்பும் சமிக்ஞையை, தேடும் நிலைக்கு மாற்றிய மற்றவர்களின் கருவி பிடிக்கும்), துழாவும் கம்பி, ஷவல் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றாமல் விட்டால், அவருடைய சமிக்ஞையே மற்றவர்களைத் திசைதிருப்பும். மறதியா, திட்டமா என்று வாசகர் தவிப்பார்.