திரையில் தெரிகிறதே, வாயால் சொல்ல வேண்டுமா?

கேள்வி: அமெச்சூர் ரேடியோவின் தொடக்க நிலையான டெக்னீஷியன் தேர்வில் பாஸாகி, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் கால்சைன் (அழைப்புக் குறி) வந்து இரண்டு மாதம் ஆகிறது. டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறை ரேடியோவில் பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தியதுமே எதிரில் இருப்பவர் திரையில் என் பெயரும் கால்சைனும் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் வாயாலும் சொல்ல வேண்டுமா? தோழிகள் நான்கு பேர் தமிழில்தான் பேசுகிறோம். கால்சைனையும் தமிழில் சொல்லலாமா?
- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் ரேடியோ அனுப்புவது கால்சைன் அல்ல, 7 இலக்க எண். அந்த எண் யாருடையது என்று எதிரில் உள்ள ரேடியோ தனக்குள் ஏற்றி வைத்திருக்கும் பட்டியலில் தேடிப் பெயரைக் காட்டுகிறது. பட்டியல் பழையது என்றால் உங்களைப் போல் புதிதாக வந்தவரின் வெறும் எண்தான் தெரியும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒருமுறை என் ஹேண்டி (கை ரேடியோ) பழுதாகி, நண்பருடையதை ஒரு வாரம் வாங்கி வைத்திருந்தேன். அதிலிருந்த அவருடைய எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். டாக்குரூப்பில், அதாவது பலர் சேர்ந்து பேசும் குழுவில், வாய் திறந்ததும் ஒருவர் நண்பரின் பெயரைச் சொல்லி, "என்ன, தொண்டை கட்டியிருக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார். டிஜிட்டலில் குரலைச் சுருக்கி அனுப்புவதால் யார் குரல் என்று பிடிப்பதும் கடினம். கால்சைனைச் சொன்ன பிறகுதான் அவருக்கு ஆள் புரிந்தது.

டி-ஸ்டார் என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில் எண்ணுக்குப் பதில் கால்சைனே எழுத்தாகப் போகும். அதுவே போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அதுவும் ரேடியோவில் யாரோ தட்டி வைத்ததுதானே? எஃப்சிசி விதி 97.119 கேட்பது, அலையைப் பெறுகிறவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை. சொல்ல மூன்று விநாடி போதும். நான் டி-ஸ்டாரிலும் சொல்கிறேன்.

எப்போது சொல்வது? பேச்சு நடக்கும்போது 10 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது, அப்புறம் முடிக்கும்போது. தொடக்கத்தில் சொல்லும்படி இந்த விதி கேட்கவில்லை, ஆனாலும் சொல்வது நல்ல பழக்கம். நால்வரும் அவரவர் கால்சைனைச் சொல்ல வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னால் கணக்கில் வராது. நம் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் தன் கால்சைனை மோர்ஸில் தட்டுகிறதே என்றும் இருந்துவிடாதீர்கள், அது ரிப்பீட்டருக்கு உரியது.

தமிழில் தாராளமாகப் பேசுங்கள், தடையே இல்லை. கால்சைனை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அது விதியிலேயே இருக்கிறது. கே-க்கு 'கிலோ', சி-க்கு 'சார்லி' என்று எழுத்துக்கு எழுத்து விரித்துச் சொல்வதையும் விதி ஊக்குவிக்கிறது. பி, டி, வி மூன்றும் டிஜிட்டலில் ஒரே மாதிரி கேட்கும், அதனால் விரித்தே சொல்லுங்கள். பேச்சு சுவாரசியமானால் 10 நிமிடம் போவதே தெரியாது. நான் ரேடியோ பக்கத்தில் சமையலறை டைமரை 9 நிமிடத்துக்கு வைத்துவிடுகிறேன். அது மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கால்சைனைச் சொல்லிவிட்டுத்தான் மீதி.