வாசலில் அடுக்கிய பாட்டில்கள்

கேள்வி: என் சொந்த ஊர் கோத்தகிரி. கல்யாணமாகி நான்கு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். கடைக்குப் போய்வருவதே இன்னும் பெரும்பாடாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கல்லாவில் சாமான்களைத் தள்ளும் வேகத்துக்கு என்னால் பையில் போட முடிவதில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 90 நாள் விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்கும் பொழுது போகாமல், காலி பாட்டில்களைக் கழுவி வாசலில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஊரை விட்டு வந்ததே தப்போ?

பதில்: 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வு நாள் என்று எழுதி, இன்றுவரை அதைக் காப்பாற்றி வரும் நாடு அது. உங்களுக்காக மாறாது. சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கல்லாவில் சாமானை வண்டியிலேயே அள்ளிப் போட்டு, ஓரமாகப் போய்ப் பையில் அடுக்குங்கள். நான்கு வருடத்தில் பழகியிருக்க வேண்டியவை இவை.

என்னை உறுத்துவது அந்தப் பாட்டில்கள்.

பொழுது போகாமலா அடுக்குகிறார்? அங்கே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள். கடையில் இருக்கும் மெஷினில் போட்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். அதைப் பொறுக்கிச் சேர்ப்பவர்களை அவர் பார்த்திருப்பார். 'என்னையும் கடைக்குக் கூட்டிப் போ' என்று பெற்ற பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கடைக்குப் போக வேண்டிய பொருளை வாசலில் வைத்திருக்கிறார். நீங்கள் தினமும் அதைத் தாண்டிப் போகிறீர்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனதாக ஒரு வரி இல்லை. மெதுவாக எடுப்பார், பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள் என்ற வெட்கமா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

குன்னூர் மார்க்கெட்டில் உங்கள் அம்மா வயதுப் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு பீன்ஸை எடுத்து ஒடிப்பார்கள். பட்டென்று ஒடியாமல் நார் இழுத்தால், பேசாமல் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மழையிலும் பனியிலும் பையைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்து பிள்ளைகளுக்குச் சோறாக்கியவர்கள். அப்படி வீட்டை நடத்தியவரை நாலு சுவருக்குள் உட்கார வைத்து வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டால் கடமை முடிந்ததா? முடியவில்லை. அவர் கையில் பையைக் கொடுக்க வேண்டும்.

யாரும் பேசுவதில்லை என்கிறீர்கள். கல்லாவில் இருப்பவர் 'ஹலோ' என்கிறாரே, நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்களா? அந்த வார்த்தை உங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கழுவும்போது லேபிள் கிழிய வேண்டாம், நசுக்கவும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அதிலுள்ள கோடுகளைப் படித்தால்தான் மெஷின் பாட்டிலை உள்ளே இழுக்கும். அம்மாவைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் கூட்டிப் போகாதீர்கள். வாரநாளில் காலையில் போங்கள். பாட்டில்களை ஒவ்வொன்றாக அவரே போடட்டும். பட்டனை அழுத்தினால் வரும் சீட்டைக் கல்லாவில் அவரே நீட்டட்டும். எவ்வளவு நேரமானாலும் நீங்கள் பின்னால் நில்லுங்கள், குறுக்கே கை நீட்டாதீர்கள்.

அம்மா வந்து எத்தனை நாளாயிற்று என்று எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள். 180 நாளில் 90 நாள்தான் அந்த விசா. ஆசைப்பட்டபடி நீட்டிக்கொள்ள முடியாது. இதைப் படிக்கும்போது பாட்டில்கள் இன்னும் வாசலில் இருந்தால், நாளைக் காலையிலேயே கிளம்புங்கள். பையை அம்மா எடுத்துக்கொள்ளட்டும்.