தடவினால் போகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது: இந்த அரிப்புக்கு என்னதான் காரணம்?

கேள்வி: தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் மூன்று மாதமாக அரிப்பு. முதலில் காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்திருந்தது. வீட்டில் யாருக்கோ வாங்கி வைத்திருந்த ஆயின்மெண்டைத் தடவினேன், நாலே நாளில் மறைந்துவிட்டது. நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்தது. அதிலிருந்து இதே கதைதான். இப்போது என் மனைவிக்கும் கழுத்தில் ஒரு வட்டம் தெரிகிறது. ரத்தம் கெட்டுப்போனால்தான் இப்படி வரும், ரத்தத்தைச் சுத்தம் செய்ய மருந்து சாப்பிடு என்கிறார்கள். உண்மையா?

பதில்: ரத்தத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஆயின்மெண்ட் டியூபை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே என்ன மருந்து என்று போட்டிருக்கும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பெயரின் ஓசையை வைத்து ஊகிக்காதீர்கள். குளோபெட்டசால் ஸ்டீராய்டு, குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, கேட்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சில டியூபுகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்தே வைத்திருப்பார்கள். எதுவாக இருந்தாலும் ஒன்று கேட்கட்டும் என்ற கணக்கு.

நீங்கள் சொல்லும் இடம், வட்டம், பரவும் விதம், வீட்டில் இன்னொருவருக்கும் வந்தது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் படர்தாமரை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைக் கொண்டுவரும் பூஞ்சை கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. தோலின் மேலே இருக்கும் செத்த செல் அடுக்கு, முடி, நகம் மூன்றிலும் அந்தக் கெரட்டின் இருக்கிறது. அது பெரும்பாலும் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை. சிவப்பும் அரிப்பும் முக்கியமாக நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு போடும் சண்டையால் வருவது. பூஞ்சை வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், அதனால்தான் ஓரம் தடித்து, செதில் செதிலாக, சில சமயம் பொடிப்பொடிக் கொப்புளங்களோடு இருக்கும், நடுப்பகுதி மட்டும் ஆறினாற்போலத் தெரியும்.

இப்போது இதன்மேல் ஸ்டீராய்டைத் தடவினால் என்ன ஆகும்? எதிர்ப்புச் சக்தி அடங்கிவிடும். சிவப்பு போச்சு, அரிப்பு போச்சு, நமக்கும் நிம்மதி, ஆனால் பூஞ்சை அப்படியே இருக்கிறது, அதுவும் கேட்க ஆளில்லாமல் தாராளமாகப் பரவுகிறது. மருந்தை நிறுத்தியதும் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது, அதற்குள் பூஞ்சை பிடித்திருக்கும் இடம் ரெண்டு மடங்கு. உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். இப்படி வேஷம் மாறிப்போன படர்தாமரைக்கு டினியா இன்காக்னிடோ என்று 1968லேயே பெயர் வைத்துவிட்டார்கள்; ஓரம் மங்கி, வட்டம் கலைந்து, பார்த்தவுடன் சொல்ல முடியாதபடி ஆகிவிடும். போதாததற்கு, தொடை இடுக்கில் தோல் மெல்லிசு, எப்போதும் மூடியே இருக்கும் இடம், மருந்து அங்கே வேறு இடங்களைவிட அதிகமாக உறிஞ்சப்படும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். படர்தாமரை போனாலும் அந்த வரிகள் முழுசாகப் போகாது.

சரி, என்ன செய்வது? ஸ்டீராய்டை நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாட்கள் அரிப்பு ஏறும், அப்போது பழைய டியூபைத் தேடிக் கை போகும், போகக் கூடாது. சின்னதாக, புதுசாக வந்த ஒன்றிரண்டு வட்டம் என்றால் குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் மாதிரி வெறும் பூஞ்சை மருந்தை மட்டும் தடவினாலே போதும். வட்டத்துக்கு உள்ளே மட்டும் தடவாமல் ஓரத்தைத் தாண்டி ரெண்டு செண்டிமீட்டர் வரை தடவ வேண்டும், பார்க்க நன்றாக இருக்கிற தோலிலும் பூஞ்சை போயிருக்கும் என்பதால். பொதுவாக 2 முதல் 4 வாரம் பிடிக்கும். மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர்வது நல்லது.

ஆனால் உங்களுடையது மூன்று மாதமாக, ரெண்டு இடத்தில், ஸ்டீராய்டு பட்டது. இதற்கு மாத்திரை தேவைப்படலாம், எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை நேரில் பார்க்கும் தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பூஞ்சை மாத்திரைகளில் சில கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை, வேறு மருந்துகளோடு மோதக் கூடியவை. டெர்பினாஃபினுக்கு அவ்வளவாக மசியாத ஒரு பூஞ்சை வகை இப்போது உலவுகிறது, 2020இல்தான் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள், ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று நம்பி வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் ஓரத்திலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். வலிக்காது, கொஞ்ச நேரத்திலேயே விடை தெரிந்துவிடும். போகும்போது அந்தப் பழைய டியூபையும் எடுத்துப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, அது தெரியாமல் பார்த்தால் அவரும் குழம்புவார்.

மனைவிக்கும் கூடவே வைத்தியம் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் சரி செய்தால் துண்டு வழியாக, படுக்கை வழியாக மறுபடி உங்களுக்கே வரும். துண்டைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இறுக்கமான ஈர உடையில் மணிக்கணக்கில் இருக்காதீர்கள், குளித்ததும் இடுக்குகளைத் துடைத்துக் காயவிட்டு உடுத்துங்கள். வீட்டில் பூனை, நாய் இருந்து அவற்றுக்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டியிருந்தால் அவற்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், கால்விரல் இடுக்கைப் பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை. அங்கே தோல் வெளுத்து ஊறிப்போய் உரிந்தாலோ, கால் நகம் மஞ்சளாகித் தடித்திருந்தாலோ பூஞ்சை அங்கிருந்துதான் மேலே வந்துகொண்டிருக்கக்கூடும். உள்ளாடையைக் கால் வழியாகத்தானே ஏற்றுகிறோம், பாதத்தில் இருப்பது துணியில் ஒட்டித் தொடைக்கு வந்துவிடும். பாதத்திலும் இருந்தால் அதற்கும் மருந்து போடுங்கள், அது ஆறும்வரை முதலில் சாக்ஸைப் போட்டுவிட்டு அப்புறம் உள்ளாடை.

இனி ரத்தத்துக்கு வருவோம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, அதற்குத் தனியாக டானிக் எதுவும் வேண்டாம். ஆனால் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர் ரத்தத்தில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், சர்க்கரையை. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு இப்படித் தோல் வழியாகத் தலைகாட்டுவது உண்டு.

படர்தாமரை என்று நான் சொல்வது எழுத்தை வைத்து, கண்ணால் பார்த்து அல்ல. ஆகவே இதேபோல ஏமாற்றும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி படுத்ததும் அரிப்பு தாங்கவில்லை, விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்பில் பொரிப்பொரியாக இருக்கிறது, வீட்டில் எல்லோரும் சொறிகிறார்கள் என்றால் அது ஸ்கேபீஸ். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் பொந்து தோண்டி முட்டையிடுவதால் வருவது. முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதனால் அரிக்காதவருக்கும் அதே நாளில் மருந்து போட வேண்டும். மருந்து போட்டபின்னும் ரெண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், மருந்து கேட்கவில்லை என்று பதற வேண்டாம்.

பெல்ட் பக்கிள் படும் இடத்தில், அதாவது தொப்புளுக்குக் கீழே மட்டும் கரகரவென்று தடித்துப்போனால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். இந்த வகை ஒவ்வாமையில் பொருள் பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோலில் அரிப்பும் தடிப்பும் கிளம்பும், வருஷக்கணக்காகப் பயன்படுத்திய பொருளுக்கும் திடீரென்று வரும். அதனால்தான் காரணத்தைப் பிடிக்க முடியாமல் சோப்பை மாற்றி மாற்றி அலைகிறார்கள். எக்ஸிமா என்றால் பெரும்பாலும் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, வறண்ட தோல், சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும். அதற்கு ஸ்டீராய்டு சரியான மருந்துதான், அதையும் சொல்லிவிட வேண்டும், தப்பு மருந்தில் இல்லை, இடம் தெரியாமல் போடுவதில் இருக்கிறது. சொரியாசிஸும் மடிப்புகளில் செதில் இல்லாமல் பளபளவென்று சிவந்து வரும், அது தொற்றாது. திடீரென்று தடித்து, சில மணி நேரத்தில் மறைந்து, வேறு இடத்தில் கிளம்பினால் அது அர்ட்டிகேரியா. தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் வெறுமையாகிவிட்டால் அதுதான். அதோடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

அரிக்கவே இல்லை, வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு, தொட்டால் உணர்ச்சி குறைவு என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். தொழுநோயின் முதல் அடையாளம் அப்படித்தான் இருக்கும், ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்திலேயே முழுசாகக் குணமாகும்.

இன்னொன்று. நம் நிறத் தோலில் படத்தில் பார்ப்பது மாதிரி பளிச்சென்ற சிவப்பு தெரியாது, பழுப்பாகவோ ஊதாவாகவோதான் இருக்கும். ஆறிய பிறகும் அந்த இடம் பல மாதம் கருத்தே கிடக்கும். அந்தக் கருப்பைப் பார்த்து இன்னும் போகவில்லை என்று மருந்தைத் தடவிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. விரலால் தடவிப் பாருங்கள், ஓரம் மேடாக இல்லை, செதில் இல்லை, அரிப்பும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் நிறம் மட்டும்தான். மாத்திரையை நிறுத்துவது மட்டும் மருத்துவர் சொன்ன நாள் கணக்குப்படி.