‘நான் வெறும் டீச்சர்தான் அப்பா’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பாடசாலையைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் எலைசா அக்னியூ என்ற அமெரிக்க ஆசிரியையைப் பற்றி நாலே வரி வருகிறது. அந்த நாலு வரி மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மூத்த மகள் எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள். இரண்டு வருஷமாகக் கம்போடியாவில் ஒரு சின்ன ஊரில், சபை நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். கைவைத்து ஜெபித்து, மிஷனெரி என்று சொல்லித்தான் அனுப்பினோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “மக எப்படி இருக்கா?” என்று கேட்கிறவர்கள் அடுத்த பேச்சிலேயே “எத்தனை ஆத்துமா ஆதாயம் பண்ணியிருக்கா?” என்கிறார்கள், எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள் என்று. என்னிடம் பதில் இல்லை.

ஆதரிக்கிறவர்களுக்கு அனுப்புகிற ஜெபக் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது, போன மாதம் போனில் அழுதுவிட்டாள். “ஜெபக் கடிதத்துல எழுத எங்கிட்ட ஒண்ணுமே இல்லப்பா. காலைல பின்னம் சொல்லிக்குடுக்கேன். சாயங்காலம் நோட்டு திருத்துதேன். நான் வெறும் டீச்சர்தான் அப்பா” என்றாள். இதை ஊழியம் என்று சொல்லலாமா? அவளுக்கு வயது இருபத்தெட்டு. திரும்பி வந்துவிடு என்று சொல்லட்டுமா? பெயர் போடாமல் பதில் எழுதினால் நல்லது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன்

*

அன்புள்ள ஐயா,

நாலு வரியோடு நிறுத்தியது என் தவறு. இப்போது கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகளிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

எலைசா அக்னியூ 1807-ல் நியூயார்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பள்ளியில் பூகோள வகுப்பில் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மிஷனெரியாகப் போவது என்று முடிவு செய்துகொண்டார். ஆனால் கிளம்பியது 32 வயதில். வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் இறந்த பிறகுதான் கப்பல் ஏறினார். அழைப்பு வந்தது என்று நம்பிக்கொண்டே இருபத்து நாலு வருஷம் காத்திருந்தார் ஒருவர். அந்த வருஷங்களில் ஜெபக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார்?

1839-ல் பாஸ்டனில் கப்பல் ஏறி, 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட அரை வருஷக் கடல் பயணம். அதுவரை அமெரிக்க மிஷனிலிருந்து இலங்கைக்கு வந்த பெண்கள் எல்லாரும் மிஷனெரிகளின் மனைவிகள். கல்யாணம் ஆகாமல் தனியாக வந்த முதல் பெண்களில் இவர் ஒருவர். உடுவில் பள்ளியை 1824-ல் தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ. நாம் இன்றும் புரட்டுகிற 1862-ஆம் ஆண்டுத் தமிழ் அகராதியின் மைரன் வின்ஸ்லோ அவருடைய கணவர். ஹாரியட் 1833-லேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் சிலரையும் அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தார். அப்படி ஒரு இடத்துக்குத்தான் அக்னியூ வந்தார்.

அப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேலே அங்கேயே இருந்தார். விடுமுறைக்குக்கூட அமெரிக்கா போகவில்லை. காலரா வந்த வருஷங்களிலும் அங்கேதான். தான் படிப்பித்த பெண்ணின் மகளைப் படிப்பித்தார், அந்த மகளின் மகளையும் படிப்பித்தார். பள்ளி விடுமுறை விட்டால் பழைய மாணவிகளின் ஊர்களுக்குப் போய் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வருவார். 1883-ல் மானிப்பாயில் இறந்தார். ‘ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்’ என்று அவரைச் சொன்னார்கள்.

உங்கள் சபையார் கேட்கிற கேள்வியை அந்தக் காலத்திலும் கேட்டார்கள், கணக்கும் வைத்தார்கள். அக்னியூவிடம் படித்து வெளியே போனவர்களில் 600-க்கும் மேற்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள் என்று உடன் ஊழியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. அதே சமயம், அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப யாரும் தயாராக இல்லாத காலம் அது. சோறும் துணியும் பள்ளியே கொடுத்தது. படிப்பை முடித்தால் சீதனமும் கொடுத்தது. கடல் தாண்டி யாரோ ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் போய், முன்பின் பார்த்திராத ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு உடுவில் மண்ணில் ஒரு சிறுமி நடந்தாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

மிஷன் பள்ளிகள் மேல் ஆறுமுக நாவலருக்கு இருந்த கோபம் வெறும் பிடிவாதம் இல்லை என்று நான் நினைப்பதும் இதனால்தான். மிஷனெரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். மிஷனை உள்ளேயிருந்து பார்த்தவர். 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். பல வருஷம் கழித்து, 1913-ல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்காக மருதனார்மடத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். உடுவிலுக்குப் பக்கத்தில்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் படித்தது இந்த இரண்டு வழியாலும்தான். நான் சைவக் குடும்பத்தில், தேவாரம் பாடி வளர்ந்தவள். எனக்கு இரண்டு பக்கமும் கடன் இருக்கிறது.

எனக்கு உடுவில் தெரிய வந்தது எந்தப் புத்தகத்தாலும் இல்லை, என் அம்மம்மாவால். 1930-களில் அங்கே விடுதியில் தங்கிப் படித்தவர். பத்து வயதில் அவருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்தது. அந்த வலி வந்தவர்களுக்குத்தான் தெரியும், விரலின் நுனியிலேயே இதயம் அடித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். மற்றப் பிள்ளைகளை எழுப்பிவிடக் கூடாது என்று பாயில் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாராம். இரவில் அரிக்கன் லாம்போடு சுற்றி வந்த வெள்ளைக்கார ரீச்சர் பக்கத்தில் குந்தி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தேசிக்காயோடு, அதாவது எலுமிச்சம்பழத்தோடு, வந்தார். அதன் தலையை வெட்டி, உள்ளே குடைந்து, மஞ்சள் வைத்து, விரலில் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார்.  சமையற்கட்டு ஆச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வைத்தியம் அது. அப்புறம் லாம்பைப் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் அம்மம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, மற்றக் கையால் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அம்மம்மா நித்திரையாகும்வரை எழும்பவில்லை.

அம்மம்மா கடைசிவரை திருநீறு பூசியவர். எண்பது வயது தாண்டியும் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த விரலை நீட்டிக் காட்டுவார். “அவ என்னோட யேசுவைப் பற்றித் தனியக் கதைச்சதே இல்லை. விரலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ” என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

அந்த ரீச்சரின் ஜெபக் கடிதத்தில் தேசிக்காய் வந்திருக்குமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. எழுதுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

ஊழியம் எது என்பதை உங்கள் சபை ஐயர் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தமிழ் வேதாகமத்தை நானும் வாசித்திருக்கிறேன். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், பின்னால் வருகிற இரண்டு சீஷர்கள் இயேசுவை ‘ரபீ’ என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் போதகரே என்று அர்த்தம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அதாவது, டீச்சர். அவரைக் கூப்பிட அவர்களுக்கு முதலில் வாயில் வந்த பெயரே அதுதான். உங்கள் மகள் அதன் முன்னால் ‘வெறும்’ என்று போடுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதிலும் அவள் இருக்கிற நாடு எது? 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியாளர்கள் பள்ளிகளை மூடினார்கள், படித்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அதில் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்ற இடம் இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம். அந்த ஆட்சியில் அது சித்திரவதைச் சிறை. அதற்கு முன்னால் அது ஒரு உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளுக்குள்ளேயே செங்கல் சுவர் எழுப்பி, ஆள் படுக்க மட்டும் இடம் விட்டு, கொட்டடிகளாகப் பிரித்திருந்தார்கள். கரும்பலகை இருந்த அறைகள் அவை. உங்கள் மகளின் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் அந்த வருஷங்களைக் கடந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை இன்று புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போய், கைகூப்பி வணங்கி உட்கார்ந்து பின்னம் கற்கிறது. அந்த நாட்டில் பின்னம் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

கம்போடியாவின் கெமர் மொழியில் ஆசிரியரை ‘க்ரூ’ என்பார்கள். நம் குருதான் அது. அவர்களுடைய எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையிலிருந்து போன எழுத்தைத்தான் அவள் அங்கே போய்த் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உற்றுப் பார்த்தால் சில எழுத்துகளில் பழைய சாயல் தெரியும். இது அவளுக்குத் தெரியுமோ என்னவோ, சொல்லுங்கள். மொழியைக் கற்றுக்கொள்ள அவசரப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டு வருஷம் என்பது அதற்கு ஆரம்பம்தான். மானிப்பாயில் மருத்துவம் பார்த்த சாமுவேல் கிரீன் 1847-ல் வந்தவர். பிள்ளைகளுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, பாடப் புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். அதற்கு எத்தனை வருஷம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்!

சரி, திரும்பி வரச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். அந்த முடிவு அவளுடையது. ஆனால் அக்னியூவைக் காட்டி ‘பார், நாற்பது வருஷம் ஊர் திரும்பவில்லை’ என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அக்னியூவுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. உங்கள் மகளுக்கு வீடு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். போனில் அழுதவளுக்கு முதலில் தேவை ஓய்வு. அனுப்பிய சங்கத்திடம் பேசி ஒரு மாதமாவது லீவு வாங்கிக் கொடுங்கள். வந்தால் தூங்க விடுங்கள். அம்மா கையால் சாப்பிடட்டும். நாலு சபையில் சாட்சி சொல்ல ஏற்பாடு செய்யாதீர்கள். வயது இருபத்தெட்டு என்று ஞாபகப்படுத்த வருகிற உறவுக்காரர்களையும் அந்த ஒரு மாதம் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு திரும்பிப் போவதா இருப்பதா என்று அவள் சொல்லட்டும். எதைச் சொன்னாலும், இந்த இரண்டு வருஷம் வீண் என்று உங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது.

ஆராதனை முடிந்து வருகிறவர்கள் எத்தனை ஆத்துமா என்று கேட்டால், அவள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அந்த எண்ணைச் சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

அதற்கு முதலில் அந்த எண் உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லையா? ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் எல்லாரும் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, மழை உண்டா என்றுதான் கேட்கிறோம். இந்த ஞாயிறு பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் உட்காரும் பிள்ளையின் பெயர் என்ன, அதற்குப் பக்கத்தில் யார், கணக்கு வராமல் அழுகிற பிள்ளை எது என்று கேளுங்கள். கெமர்ப் பெயர்கள் நம் வாயில் லேசில் வராது. எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயர்களை வாசியுங்கள்.

உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.