வெயிலில் தெரியும் மானிட்டர் எது?

கேள்வி: மிர்ரர்லெஸ் கேமராவில் குறும்படங்களும் நேர்காணல்களும் எடுக்கிறேன். வெயிலில் கேமராவின் திரையில் ஒன்றும் தெரிவதில்லை. ஃபோகஸ் தவறியதே எடிட்டிங்கில்தான் கண்ணில் படுகிறது. தனி மானிட்டர் வாங்க நினைக்கிறேன். 5 இன்ச்சா, 7 இன்ச்சா? 4கே என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அளவு இருக்கட்டும். வெயில் என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே முதலில் பார்க்க வேண்டியது திரையின் வெளிச்சம். அதை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். அறைக்குள் 400, 500 நிட்ஸ் தாராளம். மரநிழலில் 1000 இருந்தால் சமாளிக்கலாம். நேர் வெயிலுக்கு 1500-க்குக் கீழே இறங்காதீர்கள். 2000-ஐத் தாண்டினால் நிம்மதி. 1500-க்கும் குறைந்த திரையானால் சன்ஹூட் என்ற வெயில் மறைப்பை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

ஆனால் பளிச்சென்ற திரையிலும் ஒரு வம்பு உண்டு. காட்சி வெளிச்சமாகத் தெரிகிறதே என்று அப்பர்ச்சரைக் குறைப்பீர்கள். எடிட்டிங்கில் பார்த்தால் முகமெல்லாம் இருட்டு. அதனால் எக்ஸ்போஷரைக் கண்ணால் எடைபோடாதீர்கள். வேவ்ஃபார்ம் (படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டுவது), ஃபால்ஸ் கலர் (வெளிச்ச அளவுக்கேற்ப படத்தை வெவ்வேறு நிறத்தில் காட்டுவது) இரண்டும் இல்லாத மானிட்டரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஃபால்ஸ் கலரில் எந்த நிறம் எந்த அளவைக் குறிக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். லாக்கில் (பின்னால் நிறம் சரிசெய்யத் தோதாக, வெளிறிய படமாகப் பதியும் முறை) எடுப்பவரானால் லட் (அந்தப் படத்தை இயல்பான நிறத்தில் காட்டும் கோப்பு) ஏற்றும் வசதியும் வேண்டும். அப்போது வேவ்ஃபார்ம் எதை அளக்கிறது, லட் போட்ட படத்தையா, கேமராவிலிருந்து வரும் சிக்னலையா என்று கட்டாயம் பாருங்கள். இது தெரியாமல் குழம்புபவர்கள் நிறையப் பேர்.

ஃபோகஸுக்கு பீக்கிங், அதாவது ஃபோகஸில் உள்ள விளிம்புகளில் நிறக் கோடு போட்டுக் காட்டும் வசதி. அது தேடுவது அழுத்தமான விளிம்புகளைத்தான். உணர்திறனை ஏற்றி வைத்தால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு ஓடும், எதையும் நம்ப முடியாது. குறைத்து வைத்து, டேக்குக்கு முன் எதிரில் இருப்பவரின் கண்ணைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4கே விஷயம் எளிது. இந்த அளவு மானிட்டர்களில் 4கே என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். திரை 1920x1080 ஆகவே இருக்கும். 5 இன்ச்சில் அது ஒரு இன்ச்சுக்கு 440 பிக்ஸல். இதற்கு மேல் கண்ணுக்கு எதற்கு? கேமரா 4கே 60 ஃபிரேம் வெளியே அனுப்பினால் மட்டும், மானிட்டர் அதை ஏற்குமா என்று பாருங்கள். 30 ஃபிரேமோடு நின்றுவிடுபவை உண்டு.

கையிலும், ஆட்டத்தைக் குறைக்கும் கிம்பலிலும் எடுத்தால் 5 இன்ச். ட்ரைபாடில் வைத்து, பக்கத்தில் இன்னொருவரும் பார்க்க வேண்டுமானால் 7. நீங்கள் சொல்லும் வேலைக்கு என் ஓட்டு 5-க்கு.

விளம்பரத்தில் வராத சமாசாரம் கேபிள். உங்கள் கேமராவில் மைக்ரோ ஹெச்டிஎம்ஐ இருந்தால் அந்த சாக்கெட் ரொம்ப பலவீனம். என் முழங்கை பட்டு ஒருமுறை கேபிள் இழுபட, சாக்கெட் ஆடிப்போனது. மீதி நாள் முழுக்க மானிட்டர் வெறும் பாரம். கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் உள்ள கேஜையும் (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்) சேர்த்தே வாங்குங்கள். சில கேமராக்களில் ஹெச்டிஎம்ஐ சொருகியதும் சொந்தத் திரை அணைந்து, தொட்டு ஃபோகஸ் செய்யும் வசதியும் போய்விடும். உங்களுடையது எப்படி என்று மெனுவில் பாருங்கள்.

பேட்டரிக்கு என்பி-எஃப் (NP-F) எனும், கழற்றி மாட்டும் வகையே நல்லது. அதில் பெரிய 970 மாடல் சுமார் 47 வாட்-அவர். 12 வாட் இழுக்கும் மானிட்டருக்குக் கணக்குப்படி நாலு மணி நேரம். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் அவ்வளவு வராது, ஆகவே இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் கைக்கு வந்ததும் லென்ஸுக்கு முன்னால் கையை வேகமாக அசைத்து, திரையில் எவ்வளவு பிந்தி வருகிறது என்று பாருங்கள். தாமதம் கண்ணுக்கே தெரிந்தால், அதைப் பார்த்து ஃபோகஸை மாற்றிக்கொண்டே எடுக்க முடியாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.