மறுமொழி: 39 வயசு, பள்ளி வாத்தியார், இனிமேல் சினிமாவுக்குத் திரைக்கதை எழுத முடியுமா?

ஆசிரியர் வேலை, கையில் நாலைந்து சிறுகதை, வயசு 39, "லேட்டாயிடுச்சோ"ன்னு கேட்டிருக்கீங்க. தென் கொரிய சினிமா இயக்குநர் லீ சாங்-டாங் பற்றிப் படிச்சுப் பாருங்க. 1954-ல் தேகு நகரில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் கொரிய மொழி வாத்தியார், நாவலாசிரியர். சினிமாவுக்குள் வந்தப்போ அவருக்கும் கிட்டத்தட்ட உங்க வயசுதான். 1993-ல் இயக்குநர் பார்க் குவாங்-சு படத்துக்குத் திரைக்கதை எழுதினார். எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கலை, அதே படத்தில் உதவி இயக்குநராகவும் வேலை பார்த்தார். நான் உங்களுக்குச் சொல்ல வர்றதே இதைத்தான். ஸ்கிரிப்ட்டை மெயிலில் அனுப்பிட்டுக் காத்திருக்காதீங்க, ஒரு படப்பிடிப்பிலாவது போய் நில்லுங்க.

முதல் படத்தை அவர் இயக்கினது 1997-ல். அடுத்தது 'பெப்பர்மின்ட் கேண்டி'. தண்டவாளத்தில் ஒருத்தன் ரயிலை எதிர்த்து நிற்கிறான். அங்கிருந்து கதை 1979 வரைக்கும் பின்னாடியே போகுது. நடுநடுவே பின்னோக்கி ஓட்டிக் காட்டின ரயில் காட்சி. உத்துப் பார்த்தால் சாலையில் கார்கள் பின்பக்கமாப் போகும்! நாவல்காரர் மூளை, ஆனால் காகிதத்தில் செய்ய முடியாத வேலை. உங்க கதைகளில் அந்த மாதிரி எது இருக்குன்னு தேடுங்க.

நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் கலாச்சார அமைச்சராவும் இருந்தார், அது தனிக்கதை. 2010-ல் 'பொயட்ரி' படத்துக்காக கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதை விருது வாங்கினப்போ வயசு ஐம்பதுக்கு மேல்.

வேலையை மட்டும் உடனே விட்டுடாதீங்க. கோடை விடுமுறை இருக்கே.