செவுள் ஒட்டுண்ணிக்குக் குளிப்பாட்டல்: உப்பா, போமலினா, நன்னீரா?

மீன் வளர்க்கிறவங்க ஊர் ஊராகக் கேட்டதும், நம்ம பதிலும்.

வந்தாறுமூலை: அண்ணன், விடிய எழும்பிப் பார்த்தா தொட்டித் திலாப்பியா எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது. போமலின் ஊத்தவா?

ஊத்தாதீங்க தம்பி. வெயில் ஏறினதும் கீழே போய்த் தீன் எடுத்தால் அது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு. போமலின், அதாவது ஒட்டுண்ணியைக் கொல்லும் போமல்டிகைட் கரைசல், இருக்கிற ஒட்சிசனையும் குறைக்கும். பகலிலும் திணறினால் ஒரு மீனைப் பிடித்து, செவுள் இழையின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, அதே தொட்டித் தண்ணி ஒரு சொட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பாருங்க. வட்டமாக, நடுவில் பல்வளையத்தோடு சுழன்றால் ட்ரைக்கோடினா என்ற ஒருகல ஒட்டுண்ணி. அட்டை மாதிரி நீண்டு சுருங்கினால் தட்டைப்புழு.

வந்தாறுமூலை: பார்த்தாச்சு, சுழலுது. தொட்டி 4 மீற்றர் அகலம், வட்டம். தண்ணி 80 சென்ரிமீற்றர்.

அப்ப உப்புப் போதும். 2 × 2 × 3.14 × 0.8, ஏறக்குறைய 10,000 லீற்றர். அதைப் பாதியாக இறக்குங்க. லீற்றருக்கு 10 கிராம் கணக்கில் 5,000 லீற்றருக்கு 50 கிலோ, ஒரு மூடை. வேறு பீப்பாயில் கரைத்துச் சுற்றிவர ஊற்றணும். கட்டியாகக் கொட்டினால் அடியில் கிடக்கிற மீனின் செவுள் வெந்துபோகும். 20 முதல் 30 நிமிடம். மீன் சரிந்தால் நேரம் பார்க்காமல் நல்ல தண்ணியைத் திறந்துவிடுங்க. முதல்நாள் தீன் வேண்டாம், காற்றுப் பம்பி நிற்கவே கூடாது.

அக்கரைப்பற்று: நானா, எங்களுக்குத் தட்டைப்புழு. உப்புக்கு அசையல்ல.

அதுக்குப் போமலின். நம்ம வெக்கைக்கு 150 பிபிஎம்முக்கு மேலே போகாதீங்க: 1,000 லீற்றருக்கு 150 மில்லிலீற்றர், கூடினால் ஒரு மணித்தியாலம். வெயில் ஏறுமுன் செய்யணும். முதலில் நாலைந்து மீனைப் பேசினில் விட்டுப் பாருங்க. போத்தலடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் போத்தலே வேண்டாம், அந்தப் படிவு மீனுக்குக் கடும் நஞ்சு. கையுறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஊற்றுங்க. விற்கப்போற மீனுக்கு இதைத் தொடாதீங்க.

களுவாஞ்சிக்குடி: மகன் நோர்வேயில் சல்மன் பண்ணையில் வேலை. அங்கே ஐதரசன் பெரொக்சைட்டில் குளிப்பாட்டுறாங்களாம். வாவியில் கூட்டுக் கொடுவாவுக்கும் செய்யலாமா?

அந்த அளவில் வேண்டாம் ஐயா. அங்கே செவுளைப் பிடிக்கிறது நியோபரமீபா பெருரான்ஸ் என்ற அமீபா. நன்னீரில் 2 முதல் 4 மணித்தியாலம் வைப்பாங்க, இல்லாட்டி 1,000 பிபிஎம்முக்கு மேல் பெரொக்சைட்டில் 20 நிமிடமளவு. தண்ணி சூடேற ஏற பெரொக்சைட்டின் நஞ்சும் ஏறும். 13, 14 பாகைக்கு மேலேயே அங்கே பயப்படுறாங்க. நம்ம வாவி 28, 30 பாகை.

கொடுவா நன்னீரைத் தாங்கும், அது நமக்கு வாய்ப்பு. படங்கில் நன்னீர் நிரப்பி, காற்று விட்டு, 10 முதல் 15 நிமிடம். குழாய்த் தண்ணியென்றால் குளோரின் போக முதல்நாளே பிடித்துக் காற்று விடுங்க. தோலில் ஒட்டின புழு வெளுத்து விழும். செவுளில் உள்ளது அவ்வளவு இலகுவில் விடாது. மாரியில் வாவியே நன்னீர்ப்பட்டுக் கிடக்கும்போது இந்தக் குளிப்புக்குப் பலன் குறைவு, புழுவுக்கு உப்பு வித்தியாசம் தெரியாது.

வாகரை: குளிப்பாட்டி ஒரு கிழமையில் திரும்ப வந்துட்டுதே?

முட்டைதான். எந்தக் குளிப்பும் தட்டைப்புழுவின் முட்டையைக் கொல்லாது. இந்தச் சூட்டில் சில நாளிலேயே பொரிக்கும். குஞ்சு முட்டையிடுமுன், 5 முதல் 7 நாளில் இரண்டாம் குளிப்பு. முட்டை நூல் விட்டு வலையில் சிக்கிக் கிடக்கும், அதனால் குளித்த மீனைப் பழைய வலைக்குள் விடாதீங்க. பழையதைக் கரையில் ஏற்றி, மொறமொறவென்று காயும்வரை வெயிலில் விரிங்க.